பெட்டிக்குள் அதிர்ந்த போன்

இரும்புப் பெட்டிக்குள் போன் அதிர்ந்தால், வண்டு ஒன்று மாட்டிக்கொண்டு முட்டுவதுபோல் கேட்கும். ஜீடிமெட்லா தொழிற்பேட்டையில் நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த மருந்துத் தொழிற்சாலையில், தீப்பிடிக்கும் ஆவி இருப்பதால் உற்பத்திக் கூடத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வாசல் அறைப் பெட்டியில் போட வேண்டும். எங்கள் பிரிவுத் தலைவியான மேடம் தன் பெட்டியின் சாவியை, வாசலை ஒட்டிய ஆய்வறையில் இருந்த என்னிடம் தருவார். "பாப்பா விஷயமா வந்தா எடு. உடனே இன்டர்காம்ல சொல்லு."

ரயில்வே பணிமனையில் சுமை தூக்கும் கலாசியின் மகள் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். எம்.எஸ்ஸி. முடித்து வெள்ளைக் கோட்டு போட்ட திமிர் நிறையவே இருந்தது. எது முக்கியம் என்று எனக்கே தெரியும் என்று நினைத்தேன்.

அன்று மாலை நாலரைக்கு வண்டு முட்டியது. மேடம் குடியிருந்த அல்வாலிலிருந்து பக்கத்து வீட்டு ஆன்ட்டி பேசினார். "ஸ்கூல் வேன் வந்துடுச்சு, பாப்பா அதுல இல்லைம்மா!" உள்ளே குளிர்நீர் பம்பு நின்று, மருந்துக் கலவை கொதிக்கும் ரியாக்டரின் வெப்பம் ஏறிக்கொண்டிருந்தது. மேடம் அதன் முன்னால். சுற்றிலும் ஆறு பேர். இப்போது சொன்னால் அவர் கை தடுமாறும், ரியாக்டர் வெடித்து எல்லோரும் செத்துப்போவார்கள் என்று பயந்தேன். சொல்லவில்லை. பள்ளிக்கு அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. முதல் வகுப்புக் குழந்தை. நெடுஞ்சாலை, லாரிகள், ஏரி எல்லாம் கண்ணுக்குள் வந்தன. பன்னிரண்டு நிமிடம் பள்ளி எண்ணையே திரும்பத் திரும்ப அடித்தேன்.

வெப்பம் இறங்கி மேடம் வெளியே வந்ததும் சொன்னேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். போனைப் பிடுங்கிக் கணவருக்குப் பேசினார். கால் மணி நேரத்தில், அடுத்த தெருவில் தோழி வீட்டிலிருந்து பாப்பாவே பேசினாள்: "நான் பிங்கியோட வேன்லருந்து இறங்கி அவ வீட்ல இருக்கேன். எதுக்கு அழறே மம்மி?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடம் என்னிடம் திரும்பினார். "அவர் ஆபீஸ் வீட்டுலருந்து அஞ்சு நிமிஷம். சொல்லியிருந்தா அவர் ஓடியிருப்பாரு, நான் ரியாக்டரைப் பார்த்திருப்பேன். பாப்பாவுக்கு அப்பான்னு ஒருத்தர் இருக்காரே, உனக்குத் தோணவே இல்லையா?"

தோன்றவில்லை. இவ்வளவு படித்த எனக்குத் தோன்றவே இல்லை.

இன்று வேறொரு தொழிற்சாலையில் நானே பிரிவுத் தலைவி. மகனுக்கு இரண்டரை வயது. பெட்டிக் கதவில் என் கணவரின் எண்ணை ஒட்டி, புதிதாய் வந்த பெண்ணிடம் சாவியைக் கொடுக்கிறேன். "முதல்ல இவருக்கு. அடுத்த நொடி எனக்கு. நான் எதுல நின்னாலும் சரி." "சரி மேடம், தினமும் சொல்றீங்க" என்று சிரிக்கிறாள். உற்பத்திக் கூடத்தின் கனத்த கதவு மூடிவிட்டால் வெளியே அடிக்கும் எதுவும் கேட்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ரியாக்டர் உறுமும்போதெல்லாம் அந்த உறுமலுக்குள் வண்டு முட்டுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டுதான் நிற்கிறேன்.