செம்பு கலந்த மோதிரம்

என் கணவர் மவுத்தான அன்று என் கல்யாண மோதிரத்தைக் குறட்டால் வெட்டினார்கள்.

கணவனை இழந்து இத்தா இருக்கிற பெண் நகை போடக் கூடாது. அது எனக்கும் தெரியும். காதில் கிடந்ததையும் கழுத்தில் கிடந்ததையும் நானே கழற்றிக் கொடுத்தேன். மோதிரம் மட்டும் வரவில்லை. எத்தாளைக் கடற்கரையில் மீன் வெட்டி உப்புப் போட்டுக் கருவாடு காயவைத்தே மூட்டு வீங்கிப்போன விரல் இது. என் கணவரின் தங்கை சவர்க்காரம் போட்டு இழுத்துப் பார்த்தாள். பிறகு பொறுமை கெட்டு, அவருடைய மீன்பிடி வள்ளத்து எஞ்சின் பெட்டியிலிருந்து குறட்டை எடுத்துவரச் சொன்னாள். கொஞ்சம் பொறுத்து எண்ணெய் போட்டிருந்தால் கழன்றிருக்கும். மையித்தை வீட்டில் வைத்துக்கொண்டு மோதிரத்துக்காகச் சண்டை பிடிக்க எனக்கு வாய் வரவில்லை. அந்த ஆத்திரம் இன்னும் போகவில்லை.

நாலு மாதம் பத்து நாள் இத்தா முடிந்த பிறகும் விரலில் பள்ளம் இருந்தது. தொழுகைக்கு ஒளு எடுக்கும்போது மோதிரத்தைத் திருப்பி அடியில் தண்ணீர் விடுவது பழக்கம். ஒன்றும் இல்லாத விரலையும் மற்றக் கை தேடிப்போய்த் திருகியது. வீட்டில் கதைக்க ஆள் இல்லை. ஒரு றாத்தல் பாண் வாங்கினால் பாதி காய்ந்து கோழிக்குப் போகிறது.

கட்டாரில் இருக்கும் மகனிடம் மோதிரத்தைப் பற்றிச் சொன்னேன்.

"றோல்கோல்ட்ல ஒண்டு வாங்கிப் போடுங்களே உம்மா. இனி யாரு பாக்கப் போறா?"

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கெட்ட எண்ணத்தில் சொல்லியிருந்தால் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

பஸ் ஏறிப் பாலாவி வழியாகப் புத்தளத்துக்குப் போய், வெட்டிய மோதிரத்தைப் பத்தரிடம் கொடுத்தேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதை ஒட்ட ஏலாது அக்கா. நூல் மாதிரித் தேஞ்சு கிடக்கு. இந்தப் பக்கம் ஒட்டினா அந்தப் பக்கம் உடையும்."

"அப்ப என்ன செய்ற?"

இரண்டு வழி இருக்கிறது என்றார். இந்த மோதிரத்தைப் பெட்டியில் பத்திரமாக வைத்துவிட்டு, வெள்ளியில் ஒன்று செய்து தங்க முலாம் போட்டுக்கொள்ளலாம். பார்க்க மஞ்சளாக, அசல் போலவே இருக்கும். இல்லையென்றால் இதை உருக்கிச் செம்பு கூட்டி, கனமாகப் புதிதாக ஒன்று அடிக்கலாம். அது முலாம் இல்லை, உள்ளேயும் வெளியேயும் ஒரே தங்கம்தான். ஆனால் சிவப்பாக இருக்கும்.

"முலாம் எத்தின நாளைக்கு நிக்கும்?"

"உப்புக்குள்ள கை வைக்கிற ஆளுக்கு நிக்காது. வெள்ளி தெரியத் தொடங்கினா கொண்டு வாங்க, திரும்பப் போட்டுத் தாறன்."

"மத்தது?"

"அது உங்களோடயே இருக்கும். ஆனா பாக்கிற சனம் செம்பு எண்டு சொல்லும். பிறகு என்னோட சண்டைக்கு வரப்படாது."

உருக்குவதென்றால் ஓர் ஆளையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். எங்கள் பக்கத்தில் தங்கம் உருக்கும்போது வீட்டு ஆட்கள் முன்னால் இருந்து பார்ப்பது வழக்கம். "பத்தர் களவெடுத்துட்டான் எண்டு பிறகு கதை வரப்படாது பாருங்க" என்று சிரித்தார்.

கூட்டிப்போக எனக்கு இருந்தது கணவரின் தங்கைதான்.

"முலாமே போதும் மதினி" என்றாள். "மாப்புள இல்லாத பொம்புளைக்குக் கட்டித் தங்கம் என்னத்துக்கு? ஊரு கதைக்கும்."

"என்னண்டு கதைக்கும்?"

"ரெண்டாங் கலியாணத்துக்கு நிக்கிறாண்டு."

"நிண்டா ஒனக்கும் சொல்லி அனுப்புறன். வந்து வட்டிலாப்பம் திண்டுட்டுப் போ."

சிரித்துவிட்டாள். சிரித்ததற்காகக் கோபம் வந்து, வரமாட்டேன் என்றாள்.

தனியாகவே போனேன். வழியெல்லாம் அந்த முலாம் மோதிரத்தைப் பற்றித்தான் யோசித்தேன். பழையதை உருக்காமல் வைத்துக்கொள்ளலாம், நல்ல காரியம்தான். ஆனால் அலுமாரியில் ஏற்கெனவே அவருடைய சட்டை இருக்கிறது, மூக்குக் கண்ணாடி இருக்கிறது. ஒன்றையும் நான் வெளியே எடுப்பதில்லை. மோதிரத்தையும் உள்ளே போட்டுப் பூட்டிவிட்டு, அவர் கண்ணாலும் கண்டிராத ஒன்றைக் கையில் போட்டுக்கொண்டு திரிய எனக்கு விருப்பமில்லை. ஊருக்காக மஞ்சளாக இருக்க வேண்டுமென்றால் ஊர் போட்டுக்கொள்ளட்டும்.

பத்தர் கதிரை போட்டார். பக்கத்துக் கதிரை வெறுமையாக இருந்தது. மோதிரத்தைச் சின்ன மண் குவளையில் போட்டார்.

"உருக்கினாலும் இது அவர் போட்டதுதானே?" என்று கேட்டேன். எவ்வளவு மடத்தனமான கேள்வி.

"தங்கம் அதேதான் அக்கா. வேணாமெண்டா இப்பவே சொல்லுங்க. நெருப்புப் பிடிச்சா நான் பொறுப்பில்ல."

"பிடிங்க."

இவ்வளவு சுருக்கில் முடியும் என்று நான் நினைக்கவில்லை. வளையம் மடிந்தது, பிறகு வளையமே இல்லை. குவளையின் அடியில் ஒரு பயறு அளவு உருண்டை மின்னியது. அவர் செம்புத் துண்டுகளைப் போட்டார். அவையும் காணாமல் போயின. யாருடைய கையையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. என் கைப்பையைப் பிடித்துக்கொண்டேன்.

மோதிரம் கனமாக, விரலுக்கு அளவாக வந்தது. செம்மண்ணைப் போல இல்லை, பழைய செம்புக் குடத்தைப் போலவும் இல்லை. இரண்டுக்கும் இடையில் ஒரு சிவப்பு. கரையோர மீன் வாடியில் கருவாடு கட்டும் பெண்கள், "வாதத்துக்குப் போட்ட செம்பு வளையமா?" என்று கேட்டார்கள். ஓம் என்றேன். விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை.

வெள்ளிக்கிழமை மகன் வீடியோவில் வந்தான். கையைத் தூக்கிக் காட்டினேன்.

"என்ன உம்மா, அதுக்குள்ள பூச்சு போய்ட்டா? செம்பு தெரியுதே."

"இது பூச்சில்ல."

"பரவாயில்ல, நான் வரக்குள்ள நல்லதா ஒண்டு கொண்டு வாறன்."

"தேவையில்ல. இது ஒங்கட வாப்பா எனக்குப் போட்ட கலியாண மோதிரம். உருக்கிச் செஞ்சது."

அவன் முகம் அப்படியே நின்றது. நான் சொன்னதைக் கேட்டானா, இல்லை அதற்கு முன்னமே லைன் நின்றுவிட்டதா தெரியவில்லை. பிறகு திரை கறுத்தது. நான் திரும்ப எடுத்தேன். அவன் எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனை ஜன்னலில் வைத்தேன். முற்றத்துத் தொட்டியில் உப்புப் போட்ட மீன் கிடந்தது. மோதிரத்தோடேயே கையை உப்புக்குள் விட்டேன்.