நிமிர்த்தி வைத்த கோதுகள்

என் சின்னம்மா கட்டியது ஒரு டேனிஷ்காரரை. நாங்கள் அவரைச் சித்தப்பா என்றுதான் கூப்பிட்டோம். எங்கள் உறைப்பையும் உரத்த கதையையும் முறைப்பாடில்லாமல் ஏற்றுக்கொண்ட அந்த மனிதரில் அம்மாவுக்கு ஒரேயொரு குறை. அவருடைய அப்பா விட்டுப்போன பழைய வேட்டைத் துவக்கு பிராண்டே என்ற ஊரில் அவர்கள் வீட்டு இரும்பலமாரிக்குள் இருந்தது. "துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். இஞ்சை துவக்கு இருக்கிற வீட்டிலை வந்து சாப்பிடுறம்" என்று எங்கள் ஊரான ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்து காரில் போகும் வழியெல்லாம் அம்மா சொல்வார். அப்பா ஓம் என்பார். காரை மட்டும் திருப்பமாட்டார்.

அந்தத் துவக்குக்கான தோட்டாக்கள் கடைகளில் வருவது எப்போதோ நின்றுவிட்டது. ஆகவே சித்தப்பா கராஜில் தானே செய்வார். சுட்டு முடிந்த பித்தளைக் கோதுகளைத் துப்புரவாக்கி, வெடிமருந்தைத் தராசில் நிறுத்து ஒவ்வொன்றிலும் விட்டு, கடைசியில் கோதின் வாயில் குண்டைப் பொருத்துவார். அதற்கு அவர் வைத்திருந்த ஒழுங்கை எங்கள் ஆட்கள் கோயில் பூசைக்குக்கூட வைத்திருந்து நான் கண்டதில்லை. மேசையில் இரண்டாவது மருந்துப் போத்தல் இருக்கக்கூடாது. ரேடியோ இல்லை, போன் இல்லை, கதை இல்லை. மருந்து விடாத கோதுகள் துளையிட்ட மரத்தட்டில் கவிழ்ந்து நிற்கும். விட்டவை நிமிர்ந்து நிற்கும். எல்லாம் நிமிர்ந்த பிறகு டோர்ச் அடித்து ஒவ்வொன்றுக்குள்ளும் பார்ப்பார். தொடங்கினால் நடுவில் எழும்பவே மாட்டார்.

அந்தச் சனிக்கிழமை எழும்பினார். மே மாத மான் வேட்டை தொடங்க இரண்டு நாள்தான் இருந்தது. ஆனால் அம்மா வடையும் தேத்தண்ணியும் மேசையில் வைத்துவிட்டு இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டார். மூன்றாம் தரம் கூப்பிட வைப்பது மரியாதையில்லை என்பதைச் சித்தப்பா கலியாணம் செய்த முதல் வருடமே கற்றிருந்தார். பாவம், கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. கராஜுக்குள் தனியாகப் போகக்கூடாது என்பது நன்றாகத் தெரியும், அதனால்தான் போனேன். தட்டில் பாதிக் கோதுகள் கவிழ்ந்து நின்றன. எங்கள் வீட்டில் ஒரு செருப்பு கவிழ்ந்து கிடந்தாலே சண்டை வரும் என்று அம்மா ஓடிவந்து நிமிர்த்துவார். எனக்கும் அது கைப்பழக்கமாகிவிட்டது. அன்று காலை காரில் அம்மா, துவக்கைப் பற்றிச் சித்தப்பாவிடம் இன்றைக்கு நேரேயே கேட்கப்போகிறேன் என்றும் சொல்லியிருந்தார். இங்கே பார்த்தால் இருபது கவிழ்ந்து நிற்கின்றன. சண்டை வராமல் என்ன செய்யும்?

ஒவ்வொன்றாக எடுத்து நிமிர்த்தினேன். கடைசிக் கோதை வைக்கும்போது சட்டைக் கை மாட்டி, மருந்து விட்ட கோதுகள் இரண்டு தட்டிலிருந்து கழன்று விழுந்தன. கறுப்பு மணிகள் மேசையில் ஒன்றாகச் சிந்தின. உடைந்த பிஸ்கட்டைத் தங்கையோடு பங்கிடுவதுபோல, அள்ளிக் கண்மட்டத்துக்கு இரண்டிலும் போட்டேன். விரல்களைச் சட்டையில் துடைத்துவிட்டு வீட்டுப் பக்கக் கதவுக்குப் பின்னால் வந்து நின்றேன்.

சித்தப்பா திரும்பி வந்தார். தட்டைப் பார்த்தார். உட்காரவில்லை. டோர்ச்சை எடுத்து வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனார். ஓரிடத்தில் வெளிச்சம் நின்றது. நின்றது, நகரவேயில்லை. பிறகு டோர்ச்சை அணைத்துவிட்டு வீட்டுக்குள் வந்தார்.

"ஆரும் தட்டைத் தொட்டதோ?" என்று தமிழில் கேட்டார். அவர் தமிழில் கேட்டாரென்றால் விஷயம் பெரிது என்று எனக்குத் தெரியும்.

சின்னம்மா அவரிடம் டேனிஷில் ஏதோ விசாரித்தார். பிறகு முகம் வெளிறி அம்மாவைப் பார்த்து, "ஒண்டிலை மருந்து கூடிப்போச்சாம் அக்கா. அதைச் சுட்டிருந்தால் துவக்கு இவரின்ரை முகத்துக்குப் பக்கத்திலை வெடிச்சிருக்கும்" என்றார்.

அம்மா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "என்னைத்தானே கேக்கிறியள் தம்பி? துவக்கு வேண்டாம் எண்டு சொல்லித் திரிஞ்சது நான்தானே."

"அப்பிடி அவர் சொல்லேல்லை, அக்கா."

"சொல்லத் தேவையில்லை. இனி நான் இந்த வீட்டுப் படி மிதிக்கமாட்டன்."

அம்மா கைப்பையை எடுத்தார். அப்பா கார்த் திறப்பைத் தேடினார். சின்னம்மா அழத் தொடங்கினார். டென்மார்க்கில் அம்மாவுக்கு இருந்த ஒரே கூடப்பிறப்பு அவர். நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பயத்தில் காற்றுத்தான் வந்தது. சித்தப்பா என்னைப் பார்த்தார். என் வெள்ளைச் சட்டையில் விரல் விரலாக இழுபட்டிருந்த கறுப்பில் அவர் பார்வை கொஞ்ச நேரம் தங்கியது.

"அக்கா, இருங்கோ," என்றார். "நான்தான். விட்டதிலை திரும்பவும் விட்டிட்டன். நான் மறந்திட்டன்."

அம்மா கைப்பையைத் திரும்ப வைத்துவிட்டு உட்கார்ந்தார். எனக்கு உயிர் திரும்பி வந்தது. சித்தப்பா கராஜுக்குப் போய் அத்தனை கோதுகளையும் கொட்டிக் காலியாக்கினார். அந்த மே மாதம் அவர் வேட்டைக்குப் போகவில்லை.

சின்னம்மா அதை அதோடு விடவில்லை. மறக்கிற மனிதர் மருந்து நிறுக்கக்கூடாது என்று கோடை முழுவதும் சொன்னார். அதில் பிழை சொல்ல யாராலும் முடியாது. சித்தப்பாவும் ஓம் என்று ஒப்புக்கொண்டார். டிசம்பரில் நத்தாருக்கு முன்பு அவருடைய தம்பி வந்து துவக்கையும் தராசையும் மரத்தட்டையும் ஏற்றிக்கொண்டு போனார். நாங்களும் அன்று அங்கே இருந்தோம். கார் தெருமுனையில் திரும்பும்வரை சித்தப்பா வாசலிலேயே நின்றார்.

அவரைப் பார்க்க எனக்கு உண்மையாகவே இரக்கமாக இருந்தது. அவ்வளவு கவனமான மனிதருக்கு இந்த வயதிலேயே மறதி வந்து, செய்யாததைச் செய்ததாக நினைக்கிறாரே என்று கவலைப்பட்டேன். ஒருவர் எல்லாம் தெரிந்துகொண்டே பிறர் பிழையைத் தன் தலையில் போட்டுக்கொள்வார் என்பது அந்த ஒன்பது வயதில் எனக்குத் தெரியாது. அதன்பின் பிராண்டேக்குப் போகும்போதெல்லாம் அவருடைய கண்ணாடியைத் தேடி எடுத்து, "மறந்துபோவீர்கள் சித்தப்பா" என்று டேனிஷில் சொல்லி அவர் கையில் கொடுப்பேன். அவரும் ஒவ்வொரு தரமும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்.