பொத்துவிலைப் பார்த்த முசல்லா

எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்குப் போகும். மூத்தவளுக்குக் கல்யாணம் முடிந்தால், இருக்கிற வீட்டை அவளுக்கும் மருமகனுக்கும் விட்டுவிட்டு, பெற்றவர்கள் அடுத்தவளுக்கென்று கட்டிய வீட்டுக்குப் பாயையும் சட்டிபானையையும் தூக்கிக்கொண்டு போவார்கள். எங்கள் மூத்தவள் ராத்தாவுக்குக் கல்யாணம் முடிந்த பத்தாவது மாதம் நாங்களும் அப்படித்தான் போனோம். இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு வீடு. சூறாவளிக்குப் பிறகு வாப்பா கட்டத் தொடங்கி, நெல் போகத்துக்கு ஒரு சுவராக எழும்பிய வீடு. எனக்கென்று கட்டியது. பூச்சு முடியாத அந்தச் சுவர்களுக்குள் நின்றபோது, இது என் வீடு என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. நான் போக நினைத்திருந்தது வேறு இடத்துக்கு.

அது எண்பதுகளின் தொடக்கம். வீடு மாறிய கிழமையே பல்கலைக்கழகக் கடிதம் வந்துவிட்டது. இரண்டரை மாதத்தில் வந்து பதிய வேண்டும். எங்கள் ஒழுங்கையில் இருந்து அப்படிப் போகிற முதல் பெண்பிள்ளை நான். கடிதத்தை நான் மடித்து மடித்து, மடிப்பு கிழிந்தே போனது.

அதே கிழமைதான் உம்மாவுக்குக் கண் தெரியவில்லை என்பதும் வெளியே வந்தது.

பழைய வீட்டில் யாருக்கும் தெரியாமல் உம்மா அதை மறைத்திருந்தார். மறைத்தார் என்பதைவிட, அந்த வீடு அவருக்காக மறைத்தது என்று சொல்ல வேண்டும். உப்புப் பேணி எங்கே, எத்தனையாவது அடியில் குசினிப் படி, கிணற்றுக்கட்டு எந்த இடத்தில் உடைந்திருக்கிறது, எல்லாம் முப்பது வருஷமாகக் காலுக்கும் கைக்கும் பழகியிருந்தன. புது வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் அறை வாசல் நிலையில் நெற்றியை மோதிக்கொண்டார். மூன்றாம் நாள் கொதி தண்ணீரைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றினார். மேசையில் இருந்து வழிந்தது அவருடைய காலில் பட்ட பிறகுதான் ஊற்றுவதை நிறுத்தினார்.

"நில வெச்ச மேசனுக்குத்தான் கண்ணுல பிழ" என்றார் நெற்றியைத் தடவிக்கொண்டு. "ஆள் வாற வழியிலயா மரத்த நடுவான்?"

நான் சிரிக்கவில்லை. அடுத்த நாளே கல்முனையில் ஒரு டொக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருக்கிறது, வலது கண்ணில் முற்றிவிட்டது, மட்டக்களப்புக்குப் போய் வெட்டி எடுக்க வேண்டும் என்றார். வெட்டிய பிறகு நாற்பது நாள் பாரம் தூக்கக் கூடாது, இருமக் கூடாது, தலை குனியக் கூடாது.

உம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அப்ப சுஜூது?"

"கதிரையில இருந்து தொழுங்க உம்மா. தலையச் சாடையா அசைச்சாப் போதும்."

வீட்டுக்கு வந்து உம்மா முக்காட்டுச் சீலையைக் கழற்றிக் கொடியில் போடப் போய், கொடி இல்லாத இடத்தில் போட்டு, அது நிலத்தில் விழுந்ததும் சொன்னார்: "நாப்பது நாள் நெத்தி நிலத்துல படாமத் தொழுறது ஒரு தொழுகையா? எனக்கி ஒப்பரேசனும் வேணாம், ஒண்டும் வேணாம். எனக்கித் தெரியிறது போதும்."

வாப்பாவிடம் முறையிட்டேன். வாப்பாவுக்கு அப்போதே காது பாதிதான். நான் மூன்று தரம் கத்திய பிறகு, "அவவுக்கு விருப்பமில்லாட்டி விடு புள்ள" என்றார். அது சிறுபோக அறுவடைக் காலம். மாவடிப்பள்ளி வயல் வாடிக்கு அவர் போய்விட்டார். நிறைமாதமாக இருந்த ராத்தாவிடம் உம்மாவை அனுப்பவும் முடியாது. மருமகன் இருக்கிற வீட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கமாட்டேன் என்று உம்மா உறுதியாகச் சொல்லிவிட்டார்.

ஆக, கணக்கு இதுதான். உம்மா தனியாகச் சமாளித்தால் நான் போகலாம். இல்லாவிட்டால் கடிதத்தை மடித்தபடியே வைத்துவிட வேண்டியதுதான். உம்மாவுக்கும் அது தெரியும். அதனால்தான் எல்லாம் தெரிகிறது என்று ஒரு நாளைக்குப் பத்துத் தரம் சொன்னார். நானும் அதை நம்ப அவசரப்பட்டேன்.

எனக்கு எதையும் மெதுவாகச் செய்து பழக்கமில்லை. ஒரு அப்பியாசக் கொப்பி எடுத்து, வீட்டின் படம் கீறி, திட்டம் போட்டேன். சீனிப் பேணி மூடியில் ஒரு முடிச்சு நூல், உப்புக்கு இரண்டு, தேயிலைக்கு மூன்று. படிகளின் விளிம்பில் சுண்ணாம்புக் கோடு. குசினியில் இருந்து கிணற்றடி வரைக்கும் கயிறு. காலில் தட்டுப்படுகிற எல்லாவற்றையும் சுவரோடு ஒட்டி நேராக்கினேன். கண்ணின் வெட்டுமுகத்தைப் படம் போட்டு, வில்லை எங்கே இருக்கிறது, அது ஏன் மங்குகிறது என்று உம்மாவுக்கு விளக்கமும் சொன்னேன். பரீட்சையில் அந்தப் படத்துக்கு எனக்கு நல்ல புள்ளி கிடைத்திருந்தது.

"நல்லாக் கீறியிருப்பாய்" என்றார் உம்மா. "எனக்கித் தெரியாதுதானே."

இரண்டு கிழமையில் நான் களைத்துவிட்டேன். விடிந்ததில் இருந்து காது உம்மாவின் காலடியிலேயே இருக்கும். சட்டி சத்தம் கேட்டால் ஓடுவேன், சத்தம் நின்றால் இன்னும் வேகமாக ஓடுவேன். ஒரு வாய் தேத்தண்ணீர் இருந்து குடித்ததாக ஞாபகமில்லை. உம்மா என்னைவிடக் களைத்திருந்தார். "முடிச்ச எண்ணி எண்ணிச் சீனி போடுறதுக்குள்ள தண்ணி ஆறிப்போகுது கா. நீ கொஞ்சம் சும்மா இரி. நீ பின்னால வாற சத்தத்துலதான் எனக்கிக் கால் தடுக்குது." ஒரு நாள் கிணற்றடிக் கயிற்றில் அவருடைய துவாய் காய்ந்துகொண்டிருந்தது. கயிறு அதற்காவது உதவியது.

புது வீட்டில் உம்மாவுக்கு ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது. தொழப் போகும்போது அறைக் கதவைச் சாத்திக்கொள்வார். தொழுகையில் நாங்கள் சத்தம் போடுவது பிடிக்கவில்லை என்று நினைத்தேன். வீட்டில் இருந்ததோ நான் ஒருத்திதான்.

முப்பது நாள் அளவில், ஒரு பின்னேரம், அசர் தொழுகை நேரம், சாய்ந்தமருதில் இருந்து சாச்சி வந்தார். உம்மாவின் தங்கை. வந்தால் வாசலில் தொடங்கிக் குசினி வரைக்கும் ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்க்காமல் உட்காரமாட்டார். உம்மா தொழுகிறார் என்று நான் சொல்வதற்குள் கதவைத் தள்ளிவிட்டார். தள்ளியவர் அப்படியே நின்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். நானும் போய் எட்டிப் பார்த்தேன்.

உம்மா ஜன்னலைப் பார்த்து சுஜூதில் இருந்தார். அது தெற்கு. மக்காவைப் பார்க்கிற கிப்லா மேற்குப் பக்கம்.

அந்த வீடு ஒழுங்கை போன போக்கில் கோணலாகக் கட்டிய வீடு. கிப்லாவுக்கு நேராக ஒரு சுவரும் இல்லை. தொழுகை விரிப்பை, முசல்லாவை, அறைக்குக் குறுக்கே சாய்த்துத்தான் விரிக்க வேண்டும். குடிவந்த அன்று வாப்பா அப்படித்தான் விரித்துக் கொடுத்தார். நாலாம் நாள் அதன் மூலையில் உம்மாவுக்குக் கால் தடுக்கியது. உடனே நான் எல்லாவற்றையும் நேராக்கியது போல அதையும் சுவரோடு ஒட்டி நேராக்கினேன். வழுக்காமல் இருக்க நாலு மூலையையும் கீழே இருந்த பன்பாயோடு சேர்த்துத் தைத்தும் விட்டேன். தொழும்போது உம்மா திசை பார்த்துத் திரும்பி நிற்பார் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதும் பொய். நினைக்கவே இல்லை. கண் தெரிகிற ஒருவருக்குச் செய்வது போலச் செய்துவிட்டு, முன் அறையில் என் முசல்லாவை ஒழுங்காகச் சாய்த்து விரித்து நான் தொழுதுகொண்டிருந்தேன். கச்சான் காற்று பகல் முழுக்கத் தென்னோலையை அடித்துக்கொண்டிருந்த மாதம் அது. கடல் எந்தப் பக்கம் என்று காதால்கூட அறிய முடியாது.

உம்மா ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடிக்கும் வரைக்கும் சாச்சி பொறுத்தார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

"என்ன ராத்தா இது? மக்கத்த எப்ப தெக்கால பொத்துவிலுக்கு மாத்தின? எங்களுக்கு ஒரு சொல் சொல்லியிருந்தா நாங்களும் பஸ் ஏறி ஹஜ்ஜுக்குப் போயிருப்பமே!"

உம்மா சிரிப்பது போல முகத்தைத் திருப்பினார். சாச்சி இருந்த இடத்துக்கு அல்ல, கொஞ்சம் தள்ளி. "என்ன கா சொல்றாய்?"

"கிப்லா இந்தப் பக்கமெலுவா? நீங்க ஜன்னலப் பாத்து நிக்கீங்க."

உம்மா கையை நீட்டி முசல்லாவின் ஓரத்தைத் தடவினார். ஓரத்தில் இருந்து சுவர் வரைக்கும் தடவினார். சாச்சியின் சிரிப்பு அப்போதுதான் நின்றது. "ராத்தா," என்றார் குரல் இறங்கி, "உங்களுக்கு ஜன்னல் தெரியல்லையா?"

"வெளிச்சமா ஒண்டு தெரியுது. அது வாசல் எண்டு நெனச்சன்."

சாச்சி தையலைப் பல்லால் அறுத்து முசல்லாவைச் சாய்த்துப் போட்டார். நூல் எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை. உம்மா அசரை மறுபடி தொழுதார். இந்த முறை கதவு திறந்தே இருந்தது. முடிந்ததும் அதிலேயே இருந்துகொண்டு, "எத்தின நாளா இப்பிடி?" என்று கேட்டார். என்னைத்தான் கேட்டார்.

"வந்ததில இருந்து இரிக்கும்" என்றேன். நான்தான் திருப்பிப் போட்டேன் என்று சொல்ல வாய் வந்தது. அதற்கு முன்னால் உம்மா பேசிவிட்டார்.

"ஒரு மாசம். யா அல்லாஹ், ஒரு மாசம் நான் கண்ட பக்கத்துக்கெல்லாம் நெத்திய வெச்சிருக்கன்." கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "இதுக்குப் பதிலா, நாப்பது நாள் வெக்காம இருந்து, பொறவு சரியான பக்கத்துக்கு வெக்கலாம். வாப்பாக்கு ஆளனுப்பு புள்ள. மட்டக்களப்புக்குப் போவம்."

நான் சொல்லவில்லை. கண்ணால் வந்த பிழை என்று உம்மா நம்பியது எனக்கு வசதியாக இருந்தது. வாப்பா வந்தார், பள்ளி மௌலவியிடம் கேட்டுவிட்டு வந்து, தெரியாமல் நடந்ததற்குப் பாவம் இல்லையாம் என்று கத்திச் சொன்னார். தன் காதுக்குக் கேட்பதற்காக அவர் எல்லாவற்றையும் கத்தித்தான் சொல்வார். "பாவத்தப் பத்தி யார் கேட்ட?" என்றார் உம்மா. "பிழைச்ச தொழுகையெல்லாம் திருப்பிக் களா தொழுதுதான் தீருவன்."

மட்டக்களப்பில் வலது கண்ணை வெட்டினார்கள். உம்மா இரண்டு கண்ணும் கட்டப்பட்டு, தலையின் இரண்டு பக்கமும் மண் பொட்டலம் வைத்து மல்லாக்கக் கிடந்தார். சிரிக்க வேண்டாம், இரும வேண்டாம், அழ வேண்டாம் என்று நேர்ஸ் மிஸ்ஸி சொல்லிவிட்டுப் போனார். நான் கட்டில் காலோடு சாய்ந்து இருந்தேன். மூன்று நாள் நித்திரை இல்லாத உடம்பு. முகம் பார்க்காத ஆளிடம் சொல்வது சுலபமாக இருந்திருக்க வேண்டும்.

"உம்மா, முசல்லாவத் திருப்பிப் போட்டது நான்தான். தச்சதும் நான்தான். உங்கட கால் தடுக்குது எண்டுதான்..."

உம்மாவின் வாய் ஓரம் ஆடியது. வயிறு குலுங்கியது. கை என்னைத் தேடி, கட்டில் கம்பியைப் பிடித்தது.

"சிரிக்க வெக்காத கா! தையல் அறுந்தா உன்னத்தான் ஏசுவாங்க." மூச்சை அடக்கி அடக்கி விட்டார். பிறகு, "அப்ப என்ட கண் அவ்வளவு மோசம் இல்லையா?" என்றார்.

"மோசம்தான் உம்மா. ஜன்னலயே தெரியல்லையே."

"ம்."

அந்த 'ம்'முக்குப் பிறகு அதைப் பற்றி நாங்கள் கதைத்ததில்லை.

வீடு வந்த பிறகும் அலுப்புக் குறையவில்லை. தற்காலிகமாகத் தந்த தடித்த கண்ணாடியில் எல்லாம் பெரிதாகவும் கிட்டவாகவும் தெரிந்தனவாம். கோப்பையைப் பிடிக்கப் போய்க் காற்றைப் பிடித்தார். "நீ இவ்வளவு கறுப்பா கா?" என்று முதல் நாள் என்னைக் கேட்டார். என் முகத்தில் வந்திருந்த பருக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். சுவர் வளைந்திருக்கிறது என்றார், அது கண்ணாடியின் வேலை. பூச்சு மோசம் என்றார், அது உண்மை. இடது கண் அப்படியே கிடந்தது. அதற்கு இன்னொரு மட்டக்களப்பு, இன்னொரு நாற்பது நாள். முழங்கால் வேறு நொந்தது. சாச்சி தன் பெட்டியோடு வந்து தங்கிக்கொண்டார். மூடிகளில் இருந்த நூல் முடிச்சுகளை எல்லாம் உம்மா அவிழ்க்கச் சொன்னார்.

நான் புறப்பட்டது கண் வெட்டிய முப்பத்தெட்டாம் நாள். வாப்பா என் பெட்டியோடு முன்கூட்டியே சந்திக்குப் போய்விட்டார். என்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோகிற கண்டி பஸ் விடியக் காலையில் வரும். உம்மா சுபஹ் தொழுது முடித்து, கதிரையில் இருந்தபடியே களா தொழுதுகொண்டிருந்தார். ஒவ்வொரு வக்துத் தொழுகைக்குப் பிறகும் ஒரு வக்துக் களா. ஒரு மாதத்துக் கடன் அது. என் நூலால் வந்த கடன். கதிரையின் காலை ஒட்டி முசல்லா சரியான பக்கத்துக்குச் சாய்ந்து கிடந்தது. அதில் என் தையல் துளை நாலு மூலையிலும் இருந்தது.

தொழுகையை முறிக்க முடியாது. கையில் பையோடு உம்மாவுக்கு இடது பக்கத்தில் நின்று காத்திருந்தேன். சந்தியில் இருந்து ஹோர்ன் கேட்டது. வேறு ஏதோ லொறி.

உம்மா வலது பக்கம் திரும்பி ஸலாம் கொடுத்தார். வெட்டிய கண் இருந்த பக்கம். அங்கே அறைச் சுவர்தான் இருந்தது. பிறகு இடது பக்கம் திரும்பினார். தடித்த கண்ணாடிக்குள் கண் பெரிதாக, ஈரமாக, என் பக்கம் பார்த்து நின்றது. என்னைக் கண்டாரா, நிற்கிற நிழலைக் கண்டாரா என்று எனக்குத் தெரியவில்லை.

"இன்னம் போகல்லையா கா நீ?" என்றார். "வாப்பாக்கு ஹோர்ன் கேக்காது. ஓடு."