வெள்ளிக் கால்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் இடக்கால் எது, வலக்கால் எது என்று எனக்குச் சின்ன வயதிலேயே நன்றாகத் தெரியும். எங்கள் மாமியின் பிழையை எங்கள் ஊர் மயிலிட்டியில் முதலில் கண்டுபிடித்தவள் நானே.

அம்மாவின் தம்பியான மாமாவுக்கு வலது பாதத்தில் ஒரு வீக்கம். சிப்பி குத்தியது என்று எண்ணெய் பூசினார்கள். சுளுக்கு என்று நீவினார்கள். அது யார் பேச்சையும் கேட்காமல் வளர்ந்தது. கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது என்னையும் கூட்டிப்போனார்கள். படம் பிடித்துப் பார்த்த டாக்குத்தர், எலும்பில் கட்டி, அபூர்வமாக வருவது, வேகமாகப் பரவும் என்றார். பிறகு மாமியை மட்டும் விறாந்தைக்குக் கூப்பிட்டுக் கனநேரம் கதைத்தார். மாமாவின் செருப்பைக் காவிக்கொண்டு தள்ளி நின்ற எனக்கு அது கேட்கவில்லை.

மாமாவின் காதில் விழுந்தது 'அபூர்வம்' மட்டுந்தான். கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்களிடம், "உங்களுக்கெல்லாம் வாறது வெறும் தடிமன் காய்ச்சல். என்ரை வருத்தம் லேசிலை ஆருக்கும் கிடையாது, கண்டியளோ!" என்று பெருமையடித்தார்.

அவரை ஆஸ்பத்திரி வாட்டில் மறிப்பதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, மாமி தன் கொலுசுகளை உருக்கித் தட்டாரிடம் செய்வித்த வெள்ளிக் கால் ஒன்றை நேர்த்திக்கடனாக அம்மன் கோயிலுக்குக் கொண்டுபோனார். நகங்கூடக் கொத்திய அழகான கால். ஐயர் அதைத் தட்டில் வைத்ததும் நான் உரத்துச் சொன்னேன்:

"மாமி, உது இடக்கால்!"

மாமா தன் பாதத்தைத் தட்டுக்குக் கிட்ட நீட்டி ஒப்புப் பார்க்க, ஐயர் பதறித் தட்டைத் தூக்கிக்கொண்டார்.

"எடியே, இவ்வளவு காலம் என்னோடை சீவிச்சும் எந்தக் காலிலை வருத்தம் எண்டு தெரியாதே உனக்கு? அம்மாளாச்சி இனி நல்ல காலுக்கெல்லோ வைத்தியம் பார்க்கப்போறா!"

கோயிலே சிரித்தது.

"ஓம், பிழைச்சுப்போச்சு. நீங்கள் வையுங்கோ ஐயா," என்றார் மாமி.

வேறு கால் செய்து வைக்கும்வரை ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று மாமா மணலில் குந்திவிட்டார்.

"கொலுசு முடிஞ்சுது. இனி என்னைத்தான் உருக்கவேணும். எழும்புங்கோ!"

வலக்காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மாமா பிழைத்து வந்தார். தடியை ஊன்றி இடக்காலில் நின்றபடி, "உவளின்ரை பிழையாலை அம்மாளாச்சி மற்றதைக் கைவிட்டிட்டா," என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வார். மாமியும் சிரிப்பார். கண்டுபிடித்தவள் என்ற பெருமையில் நான் எல்லோரையும்விட உரத்துச் சிரிப்பேன்.

வலக்காலை எடுத்தால்தான் ஆள் மிஞ்சும் என்று விறாந்தையில் டாக்குத்தர் சொன்னதை, கனகாலம் கழித்து மாமா போய்ச் சேர்ந்த பிறகே மாமி என்னிடம் சொன்னார். முதலே சொல்லியிருந்தால் மாமா ஆஸ்பத்திரிப் பக்கமே வந்திருக்கமாட்டார். போகப்போகிற காலை மாமி கேட்கவேயில்லை; மிஞ்சப்போகிற காலைத்தான் அம்மாளாச்சியிடம் கேட்டிருக்கிறார்.

இடக்கால் வலக்கால் தெரிந்த எனக்கு, அது மட்டும் தெரியவில்லை.