அண்ணாவின் நூறு கிலோ

என் அண்ணா இங்கிலாந்தின் வடக்கே ரக்பி லீக் ஆடிச் சம்பளம் வாங்குகிறவன். முன்வரிசைக்காரன். பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எதிரே நிற்கும் மூன்று தடியர்கள்மேல் நேராகப் போய் மோதுவது அவனுடைய வேலை. நாங்கள் இருக்கிற ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் எங்கள் சனத்துக்கு இதை விளங்கப்படுத்துவது பெரும்பாடு. "கிரிக்கெட்டோ?" என்றுதான் இன்றைக்கும் கேட்கிறார்கள்.

அவனுக்குப் பதினெட்டு, எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது இங்கிலாந்துக் கழகம் ஒன்று அவனைத் தேர்வுக்கு அழைத்தது. கடிதத்தை அவன் அம்மாவுக்குத் தமிழில் சொன்னான். எடுபட்டால் அங்கேயே தங்க வேண்டும். நிறை நூறு கிலோவுக்குக் குறையக் கூடாது. அம்மா கேட்டுவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டார்.

அடுத்த நாள் சாமிப் படத்துக்கு விளக்கு வைத்துவிட்டு வந்து, அவன் அடிபடாமல் இருக்க முருகனுக்கு நேர்ந்துவிட்டதாகச் சொன்னார். வரப்போகிற கந்தசஷ்டி ஆறு நாளும் அவன் விரதம் பிடிக்க வேண்டும். மத்தியானம் ஒரு கோப்பை பாலும் ஒரு வாழைப்பழமும் மட்டும். தேர்வோ, விரதம் முடிந்து இரண்டாம் நாள்.

"ஏலாதம்மா. இந்த வருசம் மட்டும் விடுங்கோ."

"நேர்ந்தது நேர்ந்ததுதான்."

அண்ணா ஊரில் எவனோடும் மோதுவான், அம்மாவோடு மோதமாட்டான். நூற்றிரண்டு கிலோவில் தொடங்கினான். நாலாம் நாள் தராசில் ஏறிப் பார்த்துவிட்டு, தொண்ணூற்றெட்டு என்று சொல்லிக் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்கு இறைச்சி உருண்டை. ஆறு உருண்டைகளைச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவந்து, கட்டடத்தின் நிலவறைக்கு அண்ணாவைக் கூட்டிப்போனேன். "விசரே உனக்கு?" என்று ஏசினான். பிறகு சைக்கிள்களுக்கு நடுவே குந்தியிருந்து ஆறையும் தின்றான். சஷ்டியில், அதுவும் மாட்டிறைச்சி.

தேர்வில் அவன் நிறை மூன்று கிலோ குறைவு. ஆனால் அவன் மோதிய விதம் பயிற்றுநருக்குப் பிடித்துவிட்டது, எடுத்துக்கொண்டார்கள். அம்மா வீடு வீடாக லட்டுக் கொடுத்தார்.

வசந்தத்தில், மூன்றாவது ஆட்டத்தில், அவனுடைய தோளில் காறையெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவன் பேசி முடித்ததும், தொலைபேசியை வைத்துவிட்டு அம்மா குசினிக் கதிரையில் அப்படியே இருந்தார். இது முருகன் கொடுத்த தண்டனை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அம்மாவின் முன்னால் போய் நின்றேன்.

"நான்தானம்மா. விரதத்தில அண்ணாவுக்கு இறைச்சி குடுத்தனான்."

"எத்தினை குடுத்தனி?"

"ஆறு உருண்டை."

கன்னத்தில் விழப்போகும் அடிக்காகக் கண்ணை மூடிக்கொண்டேன். அம்மா என்னை இழுத்து மடியில் வைத்தார்.

"இன்னும் கொஞ்சம் குடுத்திருக்கலாம், பிள்ளை. நிறை குறைஞ்சால் அவங்கள் வேண்டாம் எண்டு திருப்பி அனுப்பிவிடுவாங்கள் எண்டு நினைச்சுத்தான் நேர்ந்தனான். அந்த மெலிஞ்ச உடம்போட எடுப்பாங்கள் எண்டு ஆர் கண்டது?"

அம்மா ஏதேதோ சொல்லி அழுதார். எனக்கு அதில் ஒன்று மட்டும்தான் விளங்கியது: அடி விழப்போவதில்லை. மடியிலிருந்து மெதுவாக நழுவி, தொலைக்காட்சி பார்க்கப் போய்விட்டேன்.