இடது காலை நீட்டிய நாள்

என் முட்டிக்குள் தசைநார் கிழிந்தது போட்டியில்கூட இல்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சியில். மந்தைவெளிப் பக்கம் உள்ள மாநகராட்சி மைதானத்தில் எங்கள் பெண்கள் கபடிக் குழு இரண்டாகப் பிரிந்து ஆடிக்கொண்டிருந்தது. நான் ‘கபடி கபடி’ என்று பாடிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனேன். மூலையில் நின்ற பெண் என் இடது கணுக்காலைப் பிடித்தாள். நல்ல பிடி, அவள்மேல் தப்பே இல்லை. உதறிக்கொண்டு திரும்பினேன். உடம்பு திரும்பியது, முட்டி திரும்பவில்லை. உள்ளே ‘டப்’பென்று ஒரு சத்தம். எனக்குக் கேட்டதுபோலவே அவளுக்கும் கேட்டிருக்கிறது.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. தி. நகர் ஜவுளிக்கடை ஒன்றில் பட்டுப் பிரிவில் வேலை. கல்யாணத்துக்குப் பிறகும் ஆடுகிறவள் எங்கள் குழுவில் நான் ஒருத்திதான் என்பதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நன்றாக நடந்தது. பிசியோதெரபி அம்மா ஒன்பது மாதம் என்னை விடவில்லை. கடைசி நாளன்று இடது காலில் மட்டும் குதிக்கச் சொன்னார். குதித்தேன். “கால் நல்லா இருக்கும்மா, போய் ஆடுங்க” என்றார்.

போனேன். நடுக்கோட்டில் நின்று மூச்சை இழுத்துப் பாட ஆரம்பித்தேன். கோட்டைத் தாண்ட வேண்டிய கால் தரையைவிட்டு எழவே இல்லை. பாட்டு பாதியில் நின்றுவிட்டது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“முட்டி வலிக்குது” என்றேன்.

அது பொய். ஒரு மாதம் அந்தப் பொய்யோடு மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். தேவையே இல்லாத முட்டி உறையைக் கடைக்கும் போட்டுக்கொண்டு போனேன். கழற்றினால் சரியாகிவிட்டது என்று முடிவு கட்டிவிடுவார்களே. ஆட்டோ ஓட்டும் என் வீட்டுக்காரர் ஒருநாள், “அவ்ளோ வலிச்சா வுட்டுடேன். யாரு உன்ன இன்னா கேக்கப் போறா?” என்றார். அன்பாகத்தான் சொன்னார். நான் எரிந்து விழுந்தேன். யாராவது அப்படிச் சொல்லமாட்டார்களா என்றுதான் நான் உள்ளுக்குள் காத்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

ஓரத்தில் உட்கார்ந்திருந்ததால் இன்னொன்றும் கண்ணில் பட்டது. அந்த மூலைக்காரப் பெண் யாருடைய காலையும் பிடிக்கவில்லை. கைக்கு எட்டும் கணுக்காலையும் விட்டுவிட்டு இடுப்பைப் பிடிக்கப் போய்த் தவறவிட்டாள். ஆட்டம் முடிந்ததும் டீக்கடைப் பக்கம் கூட்டிப் போய்க் கேட்டேன்.

“இன்னாடி, கால புடிக்கவே மாட்டேன்ற?”

டீ கிளாஸைக் கீழே வைத்தாள். பிறகு, “கை போவ மாட்டேங்குதுக்கா. அந்தச் சத்தம் காதுலயே கீது. நீ வலிக்குதுன்னு சொல்றப்பல்லாம், நாமதான இப்டி பண்ணிட்டோம்னு…” என்று அழுதுவிட்டாள்.

எனக்குக் கூசியது.

“வலி இல்லடி. பொய் சொல்லிக்கினு இருந்தேன். பயம். அவ்ளோதான்.”

அவள் அழுகை சட்டென்று நின்றது. “இன்னாக்கா நீ! ஒரு மாசமா எனக்குச் சோறே எறங்கல!” என்று கத்தினாள். டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் திட்டித் தீர்க்கட்டும் என்று காத்திருந்தேன். பிறகு அவளை மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். எல்லோரும் போயிருந்தார்கள். முட்டி உறையைக் கழற்றி எறிந்துவிட்டு இடது காலை நீட்டினேன்.

“புடி.”

“வேணாங்க்கா.”

“புடின்றேன்ல!”

பிடித்தாள். பத்து எண்ணும்வரை இருவரும் அசையவில்லை. முதுகெல்லாம் வியர்த்துவிட்டது. அன்று அவ்வளவுதான் முடிந்தது.

மறுநாளிலிருந்து மற்றவர்கள் வருவதற்கு அரைமணி முன்னால் வந்தோம். முதல் வாரம் சும்மா பிடிப்பதும் விடுவதும். அடுத்து, அவள் பிடித்துக்கொண்டிருக்க நான் ஓரடி இழுத்தேன். மூன்றாவது வாரம், அன்று திரும்பிய அதே திருப்பம். கண்ணை மூடிக்கொண்டு திரும்பினேன். முட்டியும் கூடவே திரும்பியது. அவள் என்னைக் கட்டிக்கொண்டு, “சத்தம் வரலக்கா, சத்தம் வரல!” என்று குதித்தாள்.

அன்றே குழுவைக் கூட்டி, ஒரு மாதம் சொன்னது பொய் என்று நானே சொன்னேன். ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. தங்களுக்கும் தோளில் அடிபட்ட பிறகு அப்படித்தான் இருந்தது என்று இருவர் சொன்னார்கள். அதுவரை யாரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

இரண்டு மாதம் கழித்து வடபழனிப் பக்கம் ஒரு போட்டி. அரையிறுதியில் தோற்றோம். ஆனால் அந்த ஆட்டத்தில் நான் ஒன்பது முறை பாடிப் போனேன். ஒருமுறை எதிரணிப் பெண் என் இடது கணுக்காலைக் கெட்டியாகப் பிடித்தாள். அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்து, விரல் நுனியால் நடுக்கோட்டைத் தொட்டேன். எங்கள் மூலைக்காரி மூன்று பேரைக் காலைப் பிடித்தே சாய்த்தாள்.

முடிந்ததும் எதிரணிக் கேப்டன் வந்து, “உங்களுக்கு ஆபரேஷன் ஆச்சாமே, எந்தக் கால்க்கா?” என்று கேட்டாள். ஆட்டம் முழுக்க என்னைப் பார்த்தவளுக்கே தெரியவில்லை. காட்டக் குனிந்தேன். அதற்குள் மூலைக்காரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்லிவிட்டாள்:

“லெப்ட்டு. நான் புடிச்சதுதான்.”