பன்னிரண்டு வலது கால்கள்

இந்த வருடமும் பெரிய வியாழன் மாலை, எங்கள் கோவிலில் பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு கதிரைகள் போட்டிருந்தார்கள். ஆறு இந்தப் பக்கம், ஆறு அந்தப் பக்கம். வழக்கம்போல எண்ணினேன். பத்தாவதிலும் பதினோராவதிலும் கண் தானாக நின்றது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஆண்டவர் தம் சீடர்களின் கால்களைக் கழுவியதை நினைத்து, அன்றைய பூசையில் சுவாமியார் பன்னிரண்டு ஆண்களின் வலது காலைக் கழுவுவார். முந்திய ஞாயிறு, ஊருக்குப் புதிதாக வந்த சுவாமியார் அந்தப் பன்னிரண்டு பெயர்களையும் வாசித்தார். பத்தாவது சித்தப்பா. பதினோராவது அப்பா. கோவில் ஒருதரம் அசைந்து அடங்கியது. களப்பில் கம்பு நாட்டிச் சிறகுவலை கட்டும் இடம் யாருக்கு என்ற தகராறில், அண்ணனும் தம்பியும் கதைத்து மூன்று வருடமாகியிருந்தது. இடம் அப்பாவுக்கு வந்தது. சித்தப்பா கோபித்துக்கொண்டு விலகிப் போய்விட்டார்.

“சுவாமி தெரியாமல் வாசிச்சவரோ, தெரிஞ்சுதான் வாசிச்சவரோ?” என்று அம்மா வாய்க்குள் கேட்டார். அப்பா குனிந்து தன் கால்களைப் பார்த்தார்.

அம்மாவும் பார்த்தார். அதோடு வேலை தொடங்கியது. அப்பாவின் குதிக்கால் வெடிப்புகளில் களப்புச் சேறு கறுப்பு நூல் ஓடியதுபோல் இறங்கியிருந்தது. திங்கட்கிழமை தொடக்கம் அம்மா வெந்நீரும் தேங்காய்த் தும்பும் தேசிக்காய்ப் பாதியுமாக முன்னால் குந்தினார்.

“வலது கால்தானே கழுவுறது. இடதை விடுமன்.”

“சுவாமி எந்தக் காலைக் கேப்பாரெண்டு ஆருக்குத் தெரியும்? நீட்டுங்கோ.”

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய வியாழன் உச்சிக்கு முன்னர் எல்லா வலையும் கரைக்கு வந்துவிட வேண்டும். ஆண்டவர் பாடுபடும் நேரத்தில் எவர் வலையும் தண்ணீரில் கிடக்கக் கூடாது. கிடந்தால் அந்த வீட்டுக்கு அது தலைகுனிவு. அன்று காலை அப்பா வலையை எடுக்கப் புறப்பட்டபோது அம்மா வேலிப் படலையை மறித்து நின்றார்.

“நாலு நாள் மினக்கெட்டு வெளுத்த கால். இப்ப சேத்துக்கை இறங்கப் போறியளோ?”

அப்பா நின்றார். பிறகு, “சரி, சனிக்கிழமை பாப்பம். ஆருக்குத் தெரியப் போகுது?” என்றார். ஆனால் எங்கள் வேலியில் நின்று பார்த்தாலே களப்பு முழுவதும் தெரியும். மற்றவர்களின் கம்புகள் வெறுமையாக நின்றன. சித்தப்பா செவ்வாயே தன் வலையை எடுத்துவிட்டார். எங்கள் கம்புகளில் மட்டும் வலை தொங்கியது. அப்பா மத்தியானம் வரைக்கும் வேலியடியில் நின்றார். பிறகு பார்க்க மாட்டாதவர்போல் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

மாலையில் அவர் செருப்போடு சைக்கிள் மிதிக்க, நான் பின்னால் தண்ணீர்ப் போத்தலும் துவாயுமாக இருந்தேன். கோவில் வாசலில் கடைசித் தடவையாக ஒரு கழுவல். பெண்பிள்ளைகளுக்கு முன்வரிசையில் பாய் விரித்திருந்ததால் கால்கள் எனக்கு மிகக் கிட்டத்தில் தெரிந்தன. கால்களின் சுத்தத்துக்குப் பத்துக்கு இத்தனை என்று புள்ளி போடுவதென்று முன்னரே தீர்மானித்து, கொப்பியில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எழுதி வைத்திருந்தேன். பத்தாவது கதிரை வெறுமையாக இருந்தது.

மேற்கு யன்னலால் மஞ்சள் வெயில் தரையில் விழுந்தது. சுவாமியார் ஒவ்வொருவர் முன்னும் முழந்தாளிட்டு எழும்பினார். தண்ணீர் விழும் சத்தம், துவாய், பிறகு மறுபடி தண்ணீர். எல்லாக் கால்களும் மெழுகுதிரிபோல் வெளுத்திருந்தன. எல்லா வீட்டிலும் ஓர் அம்மா இருந்திருக்க வேண்டும். எனக்கு நித்திரை வருவதுபோலவும் எங்கோ மிதப்பதுபோலவும் இருந்தது.

சுவாமியார் ஒன்பதாவது காலில் இருக்கையில் சித்தப்பா வந்தார். இடுப்பில் வெள்ளை வேட்டி. முழங்காலுக்குக் கீழே கறுப்புச் சேறு, விரலிடுக்கில் பச்சைச் சாதாளைப் பாசி. எனக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் பத்துக்கு நேரே ஒரு பூச்சியம் போட்டேன்.

“மன்னியுங்கோ சுவாமி, களப்பாலை நேரை வாறன்.”

“இருக்கட்டும். இண்டைக்கு இப்பதான் எனக்கு வேலை கிடைச்சிருக்கு.”

மூன்று தடவை தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. சுவாமியார் விரலிடுக்குகளில் ஒவ்வொன்றாகத் தேய்த்தார். பக்கத்துக் கதிரையில் இருந்த அப்பா, தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தச் சேற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவருடைய முறை. சேறாகிப்போன அதே துவாயால் சுவாமியார் துடைக்க, அப்பாவின் வெள்ளைக் காலில் கறுப்பாக ஓர் இழுப்பு விழுந்தது. நான் சத்தமில்லாமல் பதறினேன். ஆனாலும், சேறு துவாயின் குற்றம் என்று தீர்ப்புச் சொல்லி அப்பாவுக்குப் பத்தே போட்டேன்.

பூசை முடிந்ததும் அப்பா சைக்கிளை வீட்டுப் பக்கம் திருப்பவில்லை, கரைக்கு விட்டார். மங்கிய வெளிச்சத்தில் எங்கள் கம்புகள் வெறுமையாக நின்றன. வலை எங்கள் வள்ளத்துக்குள் ஈரத்தோடு, சித்தப்பா வழக்கமாக மடிப்பதுபோல் ஓரங்களை உள்ளே திருப்பி மடித்தபடி கிடந்தது. அப்பா அந்த மடிப்பை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு செருப்புகளைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு, கரைச் சேற்றில் வெறுங்காலோடு நடந்தார். சித்தப்பாவின் படலையில்தான் நின்றார்.

“தம்பி, தேத்தண்ணி கிடக்கே?”

சித்தப்பா விளக்கோடு வாசலுக்கு வந்தார்.

“கிடக்கு. வாங்கோ அண்ணை. சீனிதான் காணாது.”

“அப்பா, கால்” என்றேன் நான்.

“கிடக்கட்டும் பிள்ளை” என்று சொல்லி, அந்தச் சேற்றுக் காலோடே உள்ளே போனார்.

நான் செருப்பைப் பிடித்துக்கொண்டு படலையில் நின்றேன். அம்மாவின் நாலு நாள் வேலையை நினைக்க அழுகை வந்தது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கொப்பியை எடுத்து, அப்பாவின் பத்தை அழிறப்பரால் கவனமாக அழித்தேன். சித்தப்பாவின் பூச்சியத்துக்குக் கீழே, அதே அளவில், அப்பாவுக்கும் ஒரு பூச்சியம் போட்டேன்.